செக்கர் நின்ற தேர்தல்

நகரப் பேருந்துகளில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவரை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. செக்கர் என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அதுவே ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால், சும்மா நடந்து போகிறவன்கூட ஒருமுறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான் என்று கேலி செய்வார்கள். தங்கையின் கணவரையே டிக்கெட் இல்லை என்று அபராதம் கட்டவைத்து நடுவழியில் இறக்கிவிட்டவர். அன்று சாயங்காலம் அந்த மனிதர் வீடு தேடி வந்து, "மச்சான், நீங்க மனுஷனா, மிஷினா?" என்று கேட்டபோது, "உக்காருங்க மாப்ளே, டீ குடிங்க. வண்டியில நான் உங்களுக்கு மச்சான் இல்ல" என்றார். மாப்பிள்ளை டீயைக் குடித்துவிட்டு இரண்டு வருடம் பேசாமல் இருந்தார்.

செக்கருக்கு உலகத்தைப் பற்றி இருந்தது ஒரே கருத்து. ஒரு திருகாணி கழன்றால் வண்டி ஓடும், இரண்டு கழன்றாலும் ஓடும், ஆனால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டிலும் அப்படித்தான், ஊரிலும் அப்படித்தான். பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன ஒழுங்கைத் தொடாமல் இருந்தாலே பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று அவர் மனதார நம்பினார்.

ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடை வந்தது. செக்கர் மனு எழுத ஆரம்பித்தார். நாற்பத்தொரு மனு. நாற்பத்தொன்றாவதற்குப் பதில் வந்தது; கடையை மாற்றச் சொல்லி உத்தரவு. கடை மாறியது. சாலைக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போனது. அதைப் பார்த்துக்கொண்டு அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்ற நேரத்தில்தான் பழமைக் கட்சியின் செயலாளர் வந்து தோளில் கை வைத்தார்.

பழைய ஒழுக்கம், கட்டுக்கோப்பான குடும்பம், இலவசம் இல்லாத அரசாங்கம் என்று பேசுகிற கட்சி அது. எதிராளிகள் கிண்டலாக வைத்த பெயர்தான் பழமைக் கட்சி. அவர்களுக்கே அது பிடித்துப்போய்விட்டது. செயலாளர் சிமெண்ட் வியாபாரி. பேச்சில் வெண்ணெய் வழியும். "உங்கள மாதிரி ஆளத்தான் சார் தேடிக்கிட்டு இருந்தோம்" என்றார். சட்டமன்றத் தொகுதிக்கு அந்தக் கட்சியில் நிற்க வேறு ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவில்லை. ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இருந்தது; அந்தத் தொகுதியில் மூன்று தடவையாக ஜெயித்துக்கொண்டிருந்தவர் சாதாரண ஆள் இல்லை. அவரை எல்லோரும் 'நம்மாளு' என்பார்கள். கல்யாணமா, சாவா, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லையா, நம்மாளு வந்து நிற்பார். வேலை நடக்கிறதோ இல்லையோ, ஆள் வந்து நிற்பார்.

செக்கரின் மனைவி தபால் நிலையத்தில் மூன்றாம் கவுண்டரில் வேலை பார்த்தாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவர் நிற்கப் போகிற செய்தியைக் கேட்டதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"எதுக்கு இந்த வேலை?"

"யாராவது ஒருத்தர் கேக்கணும்ல."

"அதுக்குத்தான் நாப்பத்தோரு மனு எழுதினீங்க. இன்னொண்ணு எழுதுங்க."

"மனு எழுதறவன் வெளிய நிக்கறான். உள்ள உக்காந்திருக்கறவன் கிழிச்சுப் போடறான். நான் உள்ள போகணும்."

அவள் கைப்பையை மேஜைமேல் வைத்தாள். "நான் அரசாங்க வேலையில இருக்கேன். உங்ககூட ஓட்டு கேட்டு வர முடியாது. நோட்டீஸைக் கையால தொடக்கூட முடியாது. தெரியும்ல?"

"தெரியும். சட்டம்னா சட்டம்தான்."

முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று, கொடி, மூன்று தொண்டர்கள், கூட்டத்துக்குப் பத்து நாற்காலி. நோட்டீஸைத் தானே உட்கார்ந்து எழுதினார். செயலாளர் எழுதிக் கொடுத்ததில் எழுத்துப்பிழை இருந்தது. "கேட்டதெல்லாம் சும்மா தர்றேன்னு நான் சொல்ல மாட்டேன். சும்மா கிடைக்கறது எதுவும் நம்ம பக்கத்துல நிலைக்காது" என்று பேசும்போது கூட்டத்தில் சில தலைகள் ஆடின. பழைய பேருந்து நிலையத் திடலில் ஒரு நாள் முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். அன்று அவருக்கு முதன்முதலாக நெஞ்சில் ஒரு சின்ன ஆசை தட்டியது. ஜெயித்தாலும் ஜெயித்துவிடுவோமோ?

அந்தக் கூட்டத்தில் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். வீடு கலைந்தால் ஊர் கலையும் என்றார். பிள்ளைகள் பெற்றவர்களைக் கேட்காமல் நடக்கிற காலம் வந்துவிட்டது, இதற்கெல்லாம் சட்டம் ஒரு வேலி போட வேண்டும் என்றார். பேசி முடித்து, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாவது வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"உங்க பொண்ணு எங்க சார் இருக்காங்க?"

மைக்கில் கொர்ரென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"அது என் வீட்டு விஷயம்மா."

"எங்க வீட்டு விஷயத்தப் பேசத்தான சார் நீங்க மேடை போட்டிருக்கீங்க?"

அவள் எதிரிக் கட்சி அனுப்பிய ஆள் இல்லை. முப்பத்திரண்டு வருடம் முகங்களைப் பார்த்தே பொய் கண்டுபிடித்தவருக்கு அது தெரிந்தது. அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சமாளித்திருப்பார்.

அவருடைய ஒரே மகள் அதே தொகுதியில், பேருந்தில் போனால் ஐந்தாவது நிறுத்தத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்தான ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்தாள். தாலியும் இல்லை, பதிவும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அதைச் சொல்ல வீட்டுக்கு வந்தபோது அவர் குரலை உயர்த்தவில்லை. கூடத்தில் நின்றபடி, அலுவலகச் சுற்றறிக்கையை வாசிப்பது போல மனைவியிடம் சொன்னார்: "இந்த வீட்ல யாரும் இவகூட எந்தத் தொடர்பும் வெச்சுக்கக் கூடாது." மகள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது செயலாளர் காரில் வந்து இறங்கினார். முகத்தில் வழக்கமான வெண்ணெய் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"சார், மேல பேசி முடிச்சுட்டாங்க. நம்மாளு கட்சியோட கூட்டு."

செக்கருக்கு முதலில் புரியவில்லை. "எந்த மேல?"

"தலைமை சார். வேற ரெண்டு தொகுதி நமக்கு விட்டுக் கொடுக்கறாங்க. அதுக்குப் பதிலா இங்க நாம அவரை ஆதரிக்கணும்."

"மனுவை வாபஸ் வாங்கற நாள் முடிஞ்சு நாலு நாளாச்சு. என் பேரு ஓட்டு மிஷின்ல இருக்கும்."

"இருக்கட்டும். பேரு பாட்டுக்கு இருக்கும். நீங்க வீட்ல இருந்தாப் போதும். நம்மாளுக்கு ஓட்டுப் போடுங்கன்னு ஒரு அறிக்கை மட்டும் கொடுத்துடுங்க. எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

செக்கர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார். அதிலும் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. பேனாவை எடுத்து அவற்றைத் திருத்தினார். கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

"நான் மூணு வாரமா வீடு வீடாப் போய் அந்த ஆளு வேண்டாம்னு சொல்லியிருக்கேன். இப்ப அதே வீட்டுக்குப் போய் எந்த வாயால மாத்திச் சொல்லுவேன்?"

"அரசியல்ல இதெல்லாம் சகஜம் சார்."

"எனக்கு சகஜம் இல்ல."

செயலாளர் எழுந்தார். வாசலில் நின்ற தொண்டர்களில் ஒருவன் ஏற்கெனவே வேனிலிருந்து கொடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். பத்து நாற்காலிகளும் அன்று மத்தியானமே போய்விட்டன. அவசரத்தில் அவருடைய சொந்த நாற்காலி ஒன்றும் சேர்ந்து போயிற்று. அவர் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் செய்தித்தாளின் ஆறாம் பக்கத்தில், பழைய இரும்பு விளம்பரத்துக்கு மேலே, நாலு வரி வந்திருந்தது. கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதால் அவர் அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தே நீக்கப்படுகிறார். கட்சியினர் யாரும் அவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.

கடைசி வரியை அவர் இரண்டாவது தடவை படித்தார். அந்த வார்த்தைகளை எங்கோ கேட்டது போல இருந்தது. கேட்டது அல்ல, தான் சொன்னது என்று தெரிந்தபோது காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். செய்தித்தாளை நாலாக மடித்து, அதன்மேல் தம்ளரை வைத்து, அந்த வரி தெரியாதபடி செய்தார். மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் அதை முன்பே படித்துவிட்டிருந்தாள் என்பது அவள் எதுவும் கேட்காததிலிருந்து தெரிந்தது.

அன்றிலிருந்து தனியாகவே போனார். தோளில் ஒரு துணிப்பை, அதில் மிச்சமிருந்த நோட்டீஸ், கையில் வாக்காளர் பட்டியல், காதில் பென்சில். போன வீடுகளுக்கு எதிரே ஒரு கோடு போட்டுக்கொண்டே போவார். தெருவெல்லாம் புதுச் சுவரொட்டி. நம்மாளுவின் சிரித்த முகத்துக்குப் பக்கத்தில் பழமைக் கட்சித் தலைவரும் சிரித்துக்கொண்டிருந்தார். செக்கரின் சுவரொட்டி மேலேயே அதை ஒட்டியிருந்தார்கள். சில இடங்களில் அவருடைய காது மட்டும் வெளியே தெரிந்தது.

"நீங்க விலகிட்டீங்கன்னு சொன்னாங்களே?"

"விலகலீங்க. நான் நிக்கறேன்."

"அப்படியா? சரி சரி, உங்களுக்குத்தான் சார் போடறோம்."

ஒரு வீட்டில், இரண்டு வீட்டில் இல்லை. எல்லா வீட்டிலும் இதே கேள்வி, இதே பதில். "நான் நிக்கறேன்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அது வேறு யாரையோ பற்றிய பேச்சு மாதிரி ஆகிவிட்டது. கதவைத் திறக்கிறவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். கண்டிப்பாகப் போடுகிறோம் என்றார்கள். கதவு மூடுவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும், பொய். டிக்கெட் இல்லாதவன் எப்போதும் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவான். மூன்றாம் நாள் இடது காலில் கொப்புளம் உடைந்து செருப்பு நனைந்தது. ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார். எதற்காக நடக்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். பட்டியலில் இன்னும் கோடு விழாத வீடுகள் இருந்தன, அதனால் எழுந்தார்.

எட்டாம் நாள் பட்டியலின் நூற்றுப் பதினேழாம் பாகத்துக்கு வந்தார். அந்தப் பாகம் எப்போது வரும் என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நாலாம் பக்கம் நடுவில் மகளின் பெயர் இருந்தது. வயது முப்பத்திநான்கு. அதற்குக் கீழே தந்தை பெயர் என்று அவருடைய பெயர். அவளாகக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், மாற்றவில்லை. வீட்டு எண் இருபத்தாறு, முதல் மாடி. இந்தப் பக்கம் இருபத்தைந்து வரை கோடு போட்டார். அந்தப் பக்கம் இருபத்தேழிலிருந்து முப்பது வரை போனார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தெருவில் நின்றார். ஒரு வீட்டையும் விடாமல் போவேன் என்று எல்லா வீட்டிலும் சொல்லியிருந்தார். திரும்பி வந்து மாடி ஏறினார்.

கதவைத் திறந்தவர் கையில் பாதி இஸ்திரி போட்ட சட்டை இருந்தது. முன்நெற்றி ஏறிய, சாந்தமான முகம். ஒரு நொடி திகைத்துவிட்டு விலகி நின்றார்.

"உள்ள வாங்க சார்."

மகள் ஈரத்தலையோடு வந்தாள். ஆஸ்பத்திரிக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஆறு வருடத்தில் காதோரம் ஒன்றிரண்டு நரை. அவர் அதைப் பார்த்தார்.

"ஓட்டு கேட்டு வந்தேன்" என்றார்.

"உக்காருங்கப்பா. கால்ல ரத்தம்."

அவர் குனிந்து பார்த்தார். கைக்குட்டை சிவந்திருந்தது. அவள் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். தினம் நூறு பேர் கையில் ஊசி குத்துகிறவள்; அவசரமில்லாமல், வலிக்காமல் துடைத்துக் கட்டினாள். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேஜையைப் பார்த்தார். அங்கே ஒரு கண்ணாடி ஜாடி நிறைய தபால் தலைகள் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி, சின்ன மதிப்புத் தலைகள். ஒன்றுகூட ஒட்டப்படவில்லை.

"யாருக்கு இவ்வளவு லெட்டர் எழுதற?"

"யாருக்கும் இல்ல." அவள் தலை நிமிரவில்லை. "புதன்கிழமை மூணு மணிக்கு அம்மா கவுண்டருக்குப் போவேன். வரிசையில நின்னு ஏதாவது வாங்கினாத்தான் ரெண்டு வார்த்தை பேச முடியும். சும்மா நின்னு பேசக் கூடாதுன்னு அம்மாதான் சொன்னாங்க. ஆபீஸ் விதியாம்."

ஜாடி கழுத்துவரை நிரம்பியிருந்தது. ஆறு வருடத்துப் புதன்கிழமைகள். செக்கர் அதை எண்ணப் பார்த்து, நடுவில் விட்டுவிட்டார்.

கட்டுப் போட்டு முடித்து அவள் எழுந்தாள். "நான் உங்களுக்கு ஓட்டுப் போட மாட்டேன்பா. பொய் சொல்லி அனுப்ப எனக்குப் பிடிக்கல."

"ம்."

"உங்க நோட்டீஸ்ல நாலாவது வரி படிச்சேன். கல்யாணம் பண்ணாம சேர்ந்து இருக்கறவங்களுக்கு வீடு கொடுக்கக் கூடாதுன்னு சட்டம் கொண்டுவரப் பாடுபடுவேன்னு இருக்கு. அது நீங்க எழுதினதுதான். உங்க நடை எனக்குத் தெரியும்."

"நான் எழுதினதுதான்."

"இப்பவும் அப்படித்தான் நினைக்கறீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். "ஆமாம்" என்றார்.

மகள் தலையசைத்தாள். அவருக்கு அப்போது விநோதமாக ஒன்று தோன்றியது. ஆயிரத்துச் சொச்சம் வாசல் ஏறி இறங்கியதில் கண்ணுக்கு நேராக உண்மை சொன்னது இந்த வீடு ஒன்றுதான். எழுந்து படியிறங்கினார். தெருவுக்கு வந்து பட்டியலை விரித்தார். இருபத்தாறாம் எண்ணுக்கு எதிரே கோடு போடாமலே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். போகிறவர் ஒருவர், "என்ன சார், தலை சுத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றார். பக்கத்துத் தெருவுக்குப் போகாமல் பாதிப் பகலிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

மனைவி வேலை முடிந்து வந்ததும் கேட்டார். "புதன்கிழமை மூணு மணி. எத்தனை வருஷமா?"

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள். "ஆறு வருஷமா. நீங்க கேக்கல, நான் சொல்லல."

"நான் கூடாதுன்னு சொன்னேன்."

"சொன்னீங்க. வீட்லதான கூடாதுன்னீங்க? கவுண்டர் அரசாங்கத்தோடது."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அந்த இடத்தில் வெறும் பள்ளம் இருந்தது. ஊர் மொத்தமும் பொய் டிக்கெட்டைக் காட்டினால்கூடக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குச் சொந்த வீட்டில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"நீயாவது எனக்கு ஓட்டுப் போடுவியா?"

"போடுவேன்" என்றாள். பிறகு, ஒளிப்பதற்கு இனி எதுவும் இல்லை என்பதுபோல, "நீங்க ஜெயிக்க மாட்டீங்கன்னு தெரியும். அதனால போடுவேன். ஜெயிப்பீங்கன்னு இருந்தா யோசிச்சிருப்பேன்" என்றாள்.

ஓட்டுப்பதிவு நாளும் போயிற்று. எண்ணிக்கை நாளன்று கல்லூரிக் கூடத்தில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வேட்பாளர்களும் முகவர்களும் உட்கார்ந்தார்கள். செக்கருக்கு முகவர் கிடையாது. தானே ஒரு தாளில் கோடு கிழித்துச் சுற்றுச் சுற்றாக எழுதிக்கொண்டார். முதல் சுற்றில் இருபத்துமூன்று. இரண்டாம் சுற்றில் முப்பத்தொன்று. அவருடைய சொந்தத் தெரு இருக்கிற வாக்குச்சாவடியில் பதினாலு. அந்தத் தெருவில் மட்டும் கண்டிப்பாகப் போடுகிறோம் என்று சொன்னவர்கள் எண்பத்தேழு பேர். ஆறாம் சுற்று முடிந்ததும் தோற்கப் போகிற மற்ற வேட்பாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். அவர் பதினெட்டாம் சுற்று வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அதிகாரி நீட்டிய ஒவ்வொரு தாளையும் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு கூட்டல் தவறு இருந்தது. அவருக்கு வர வேண்டியதைவிட இரண்டு அதிகமாகப் போட்டிருந்தார்கள். சுட்டிக்காட்டினார். அதிகாரி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திருத்தினார். மொத்தம் அறுநூற்று நாற்பது. வைப்புத்தொகை போயிற்று. நம்மாளு எழுபதாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார்.

மாலையும் கழுத்துமாக வந்த நம்மாளு, போகிற போக்கில் அவரிடம் நின்றார். "அண்ணே, முதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மதுக்கடையை நானே இன்னும் கொஞ்சம் தள்ளி வெச்சிருப்பேன்." அவர் கேலி செய்யவில்லை. உதவுகிற குரல்தான் அது. செக்கரால் அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. வெளியே வந்து வெயிலில் கல்லூரிச் சுவரோரம் நின்றபோது கண்ணில் நீர் கட்டிக்கொண்டு தெரு கலங்கலாகத் தெரிந்தது.

இரண்டு நாள் எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் காலை சமையலறை வாசலில் வந்து நின்றார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை அவளை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அவள் குழாயை மூடினாள். பிறகு அவளே கேட்டாள். "சாப்பிட வரச் சொல்லட்டுமா?"

"அப்படின்னு நான் சொல்லல."

"சரி."

"அவளைக் கூப்பிட்டா அவரையும் கூப்பிடணும்ல."

"ஆமா. ரெண்டு பேரையும்தான். ஒருத்தரை மட்டும் கூப்பிட முடியாது."

செக்கர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். கூடத்தில், தான் அன்று நின்று அந்த வாக்கியத்தைச் சொன்ன இடத்தைப் பார்த்தார். சொன்னது தப்பு என்று அவருக்கு இப்போதும் தோன்றவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் உடம்பு முழுக்க வலித்தது. இந்த இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

"யோசிக்கறேன்" என்றார்.

அவள் மறுபடி குழாயைத் திறந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.